லார்க்மியரின் வடக்கு வாசல்: எனிட் ஹார்க்நெஸ் அம்மையாருக்கு நிலைய ஊழியர்கள் வாசித்தளிக்கும் மடல்

டிக்கெட் ஜன்னலின் தலைவியே! பனி பெய்த காலையிலும் பதவி பறிபோன மாலையிலும் பணிந்து போகாத பெருமாட்டியே! தலைமையகத்தின் மிரட்டல் கடிதங்களைத் தேநீர்க் கோப்பைக்கு அடியில் வைத்துவிட்டுத் தம் வேலையைத் தொடர்ந்த திடமனத்தவரே! வடக்கு வாசலைத் திறந்த எங்கள் எனிட் ஹார்க்நெஸ் அம்மையாரே! லார்க்மியர் நிலையத்துப் போர்ட்டர்களும், வாயிலில் டிக்கெட் சரிபார்ப்போரும், பார்சல் அறையினரும், சிக்னல் அறையினரும் ஒருமித்துத் தங்களை வணங்குகிறோம்.

ஓய்வு பெறுவோருக்கு விடைதரும் மடல் என்றால் இனிக்க வேண்டும் என்பது வழக்கம். இந்த மடல் இனிக்காது. தங்களுக்கு விழா எடுக்கத் தம் மண்டபத்தையே தருவதாக மேட்டுத்தெருக் குடியிருப்போர் சங்கம் சொல்லி அனுப்பியது. வேண்டாம் என்றோம். அதனால்தான் இந்தப் பார்சல் அறையில், கோழிக்கூண்டுகளுக்கும் சைக்கிள்களுக்கும் நடுவே, தங்களை உட்கார வைத்திருக்கிறோம். சங்கத்தின் தலைவர் திரு. லாங்ரிஷ் அழைப்பில்லாமலே வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். வந்தது நல்லதுதான். தபாலில் அனுப்பியிருந்தால் படித்திருக்கமாட்டார்.

எழுதும் பொறுப்பைச் சக ஊழியர்கள் சிக்னல்காரனாகிய என்னிடம் ஒப்படைத்தார்கள். மென்மையாக எழுது என்று ஒருவரும் சொல்லவில்லை. போர்ட்டர் நெட் வாக்ஸ்டாஃப் மட்டும், "கெட்ட வார்த்தை போட்டுடாத சைலஸ், அம்மாவுக்குப் பிடிக்காது" என்றார். முடிந்தவரை அடக்கியிருக்கிறேன்.

அம்மையீர்! இந்த நிலையத்துக்கு இவ்வாண்டு நூறு வயது நிறைகிறது. அதற்காகச் சங்கத்தார் வழவழப்பான தாளில் ஒரு நூற்றாண்டு மலர் அச்சிட்டு வீட்டுக்கு வீடு கொடுத்திருக்கிறார்கள். "ஒரு பெருந்தகையின் தாராளத்தால் பிறந்த ஊர்" என்று தொடங்குகிறது அது. தாராளமாம்! அந்தத் தாராளம் எப்படிப்பட்டது என்பதை இந்த அறையிலாவது உரக்கச் சொல்லிவிடுகிறோம்.

ரயில் வருமுன் இங்கே ஊர் இல்லை. மேட்டில் லாவெண்டர் வயல், பள்ளத்தில் களிமண், இரண்டுக்கும் சொந்தக்காரராகச் சர் ஜோசலின் டிரெவர்ட். பாதை போட நிலம் கேட்டு வந்த ரயில் கம்பெனியிடம் அவர் கொள்ளை விலை வாங்கினார். அதோடு விடாமல் இரண்டு நிபந்தனைகளும் போட்டார். தொழிலாளருக்கான மலிவுக் கட்டண வண்டி எதுவும் லார்க்மியரில் நிற்கக்கூடாது. நிலையத்துக்கு வடக்குப் பக்கம் வாசல் வைக்கவே கூடாது. தெற்கே மேடு, கனவான்களுக்கு மாளிகை எழப்போகும் இடம். வடக்கே பள்ளம், செங்கல் சூளையும், சூளையில் வேகும் மனிதர்களும் இருந்த இடம். மண் குழைத்தவர்கள் கண்ணில் படாமல் மாளிகை மட்டும் கண்ணில் படவேண்டும் என்பதுதான் அந்தப் பெருந்தகையின் தாராளம்!

மாளிகைகள் எழுந்தன. கூம்புக் கோபுரம், வாசற்கதவில் வண்ணக் கண்ணாடி, கூரைக்கடியில் வேலைக்காரப் பெண்ணுக்கு நிமிர முடியாத ஓர் அறை. லண்டனில் வேலையை முடித்துவிட்டு மாலை வண்டியில் வந்து இறங்கி, எலுமிச்சை மரங்களின் நிழலில் வீட்டுக்கு நடந்து போகலாம் என்று விளம்பரம் செய்தார்கள். தெருக்களுக்குச் சர் ஜோசலின் தம் பெயரை வைத்தார். பெண்மக்களின் பெயரை வைத்தார். தம் வேட்டைக் குதிரையின் பெயரிலும் ஒரு சந்து உண்டு, இன்றும் தபால்காரர் அங்கே போய்வருகிறார். அத்தனை வீட்டுக்கும் செங்கல் அறுத்தவர்களில் ஒருவர் பெயரில்கூட இந்த ஊரில் ஒரு சாக்கடை இல்லை.

பிறகு பாதை மின்மயமானது. மலிவு வீடு கட்டுவோர் வந்து மிச்சமிருந்த வயல்களில் ஒட்டிப் பிறந்த இரட்டையர்போல வீடுகளை நிறுத்தினார்கள். வெயில், தோட்டம், சிரிக்கும் மனைவி, பக்கத்திலேயே ரயில் என்று சுவரொட்டி ஒட்டினார்கள். வடக்கே களிமண் தீர்ந்து சூளை அணைந்தது. பள்ளங்களைத் தூர்த்து, லண்டன் சேரிகளை இடித்து வெளியேற்றிய குடும்பங்களுக்கு அங்கே வீடு கட்டிக் கொடுத்தார்கள். அதுதான் பிரிக்ஃபீல்ட் குடியிருப்பு. அவர்களுடைய சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் நம் நடைமேடை தெரியும். வண்டி வரும் அறிவிப்பு தட்டு கழுவும்போதே காதில் விழும். ஆனால் அந்த வண்டியைப் பிடிக்க வேண்டுமென்றால் சாலைப் பாலத்தைச் சுற்றி அரைமணி நேரம் நடக்கவேண்டும். சர் ஜோசலின் செத்துப் போயிருந்தார். அவர் போட்ட நிபந்தனை சாகவில்லை. அதை நீர் ஊற்றி வளர்க்கத்தான் இருக்கவே இருக்கிறதே குடியிருப்போர் சங்கம்!

மாதரசியே! போர்க்காலத்தில், ஆண்கள் படைக்குப் போய் நிலையம் வெறிச்சோடிக் கிடந்தபோது, பெரிய அளவில் தைத்த போர்ட்டர் சட்டையின் கைகளை மடித்துவிட்டுக்கொண்டு தாங்கள் இங்கே வந்தீர்கள். வந்த ஆண்டிலேயே நிலையத்தின் முகப்பில் குண்டு விழுந்தது. தெற்குச் சாலை முழுக்கத் தீ. வெளியேற வழியில்லாமல் மேட்டுத்தெரு ஜனங்கள் நடைமேடையில் திரண்டு நின்றார்கள். படைவீரர்கள் நடைமேடையை ஒட்டிய வடக்கு வேலியை அறுத்து வழி செய்தார்கள். கிழவர்களையும் காயம்பட்டவர்களையும் ஸ்ட்ரெச்சரில் வைத்து அந்த வழியாகத்தான் பிரிக்ஃபீல்ட் வீடுகளுக்குத் தூக்கிக்கொண்டு போனீர்கள். அந்தச் சமையலறைகளில் அவர்களுக்குச் சுடச்சுடத் தேநீர் கொடுத்தார்கள், போர்வை கொடுத்தார்கள், குழந்தைகளை எழுப்பிக் கட்டிலைக் கொடுத்தார்கள். எந்தக் கட்டிலில் யார் படுத்தார் என்று பிரிக்ஃபீல்டில் இன்றும் சொல்வார்கள். திரு. லாங்ரிஷ் அவர்களே, தங்கள் தாயாரைத் தூக்கிச் சென்றதும் அந்த வழியாகத்தான். அவர் படுத்தது பிரிக்ஃபீல்டின் காரிட்டி குடும்பத்துக் கட்டிலில்.

போர் முடிந்தது. சங்கத்தார் கேட்டுக்கொண்டபடி, வேலியை அறுத்த இடத்தில் இரும்புக் கதவு மாட்டிப் பூட்டும் போட்டார்கள். நன்றி சொல்ல வேறு வழி அவர்களுக்குத் தெரியவில்லை!

திரும்பிவந்த ஆண்களுக்காகப் பெண் போர்ட்டர்கள் எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். விடியுமுன் டிக்கெட் ஜன்னலைத் திறக்க எந்த ஆணும் ஒப்புக்கொள்ளாததால் தாங்கள் மட்டும் தப்பினீர்கள். கட்டணம் மலிவில்லை என்றாலும் அந்த முதல் வண்டி ஏழைகளின் வண்டி. லண்டன் ஆபீசுகளைப் பெருக்கித் துடைக்கும் பிரிக்ஃபீல்டுப் பெண்கள் அதில் போவார்கள். கனவான்கள் வந்து அமருமுன் மேசையைத் துடைத்துவிட்டுக் கண்ணில் படாமல் திரும்பிவிட வேண்டும். அவர்கள் ஒவ்வொருவரையும் தாங்கள் பெயர் சொல்லி அழைத்தீர்கள். அவர்களில் ஒருவர்தான் நெல் காரிட்டி.

நெல்லை நாங்கள் எல்லோரும் அறிவோம். குரல் நடைமேடையின் இக்கரையிலிருந்து அக்கரை வரைக்கும் கேட்கும். கையில் எப்போதும் காகிதத்தில் சுற்றிய பன்றி இறைச்சி சாண்ட்விச். வண்டி வருவதற்குள் அதில் பாதியை நெட்டுக்குக் கொடுத்துவிடுவார்.

"இன்னிக்கும் ஓடி வந்தியா நெல்?" என்று தாங்கள் ஜன்னல் வழியே கேட்பீர்கள்.

"ஓடாம என்ன பண்றது மிஸ்? அந்தப் பாலத்தைச் சுத்திச் சுத்தி என் முழங்கால் எனக்கு முன்னாடியே ரிட்டயர் ஆயிடும்போல."

"வேலி ஓட்டை வழியா மட்டும் வந்துடாத. கரண்ட் இருக்கு, ஞாபகம் வெச்சுக்க."

"நேரம் இருந்தா வரமாட்டேன் மிஸ்."

நேரம் எப்போதும் இருந்ததில்லை. நடைமேடைக்கு அப்பால் வேலியில் ஓர் ஓட்டை இருந்தது எல்லோருக்கும் தெரியும். அடைத்தால் பக்கத்தில் இன்னொன்று முளைக்கும். ஓட்டை வழியாக நுழைந்து, மின்சாரம் ஓடும் தண்டவாளத்தைத் தாண்டி, நடைமேடையில் ஏறிவிடலாம். தாங்கள் மேலிடத்துக்கு எழுதினீர்கள். பழைய நிபந்தனை தடுக்கிறது என்று பதில் வந்தது. மறுபடி எழுதினீர்கள். அதே பதில் வேறொருவர் கையெழுத்தோடு வந்தது.

அந்த ஜனவரிக் காலையை எழுத எனக்கு மனமில்லை. ஆனால் நூற்றாண்டு மலர் எழுதவில்லையே. ஆகவே நான் எழுதத்தான் வேண்டும். மூடுபனி. தரையெல்லாம் உறைபனி. முதல் வண்டிக்கு மணி அடித்தாயிற்று. நெல் ஓட்டை வழியாக வந்து பாதையைக் கடந்தார், கால் வழுக்கியது, மின் தண்டவாளத்தின்மேல் விழுந்தார். தாங்கள் ஜன்னலை விட்டு ஓடிவந்து, அவரைத் தண்டவாளத்திலிருந்து தள்ளிவிடக் காத்திருப்போர் பெஞ்சின் மரப்பலகையைப் பெயர்த்தெடுத்துக்கொண்டு பாதையில் குதித்தீர்கள். சிக்னல் அறையிலிருந்து பார்த்த நான் மின்சாரத்தை நிறுத்தச் சொல்லித் தொலைபேசியில் கத்தினேன். நிறுத்தினார்கள். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. தாங்கள் தங்கள் கோட்டைக் கழற்றி நெல்லுக்குப் போர்த்தினீர்கள். டாக்டர் வரும்வரை சரளைக்கல்லில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தீர்கள். வேலிக்கு அந்தப் பக்கம் மற்றப் பெண்கள் அசையாமல் நின்றார்கள். ஒருத்தியும் அழவில்லை. அழுதிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

வண்டிகள் நின்றன. மேட்டுத்தெருக் கனவான்கள் வந்து வரிசையில் நின்றார்கள். தாங்கள் கோட்டில்லாமல், கையெல்லாம் கரியோடு மீண்டும் ஜன்னலில் போய் உட்கார்ந்தீர்கள். அப்போது நடந்த பேச்சை நெட் பக்கத்தில் நின்று கேட்டார். சொல்லுக்குச் சொல் இது.

"என்னம்மா இது, வண்டி எப்போ வரும்?"

"ஒரு பொம்பளை செத்துப் போயிட்டாங்க சார்."

"அடடா, வருத்தமான விஷயந்தான். ஆனா எனக்குப் பத்து மணிக்கு மீட்டிங் இருக்கு. தோராயமா ஒரு நேரமாவது சொல்லுங்க."

"செத்தது யாருன்னு தெரியுமா சார்? நெல் காரிட்டி. உங்க ஆபீஸ் மாடிய அவங்கதான் தினமும் துடைக்கிறாங்க."

"அப்படியா? எனக்குத் தெரியாதே."

"தெரியாது சார். இன்னிக்குப் போய் மேசையில விரல வெச்சுப் பாருங்க. தூசி இருக்கும். அப்போ தெரியும்."

அவர் மேலதிகாரிக்குப் புகார் எழுதினார். நெல் செத்ததைப் பற்றியல்ல. டிக்கெட் கிளார்க் மரியாதையில்லாமல் பேசியதைப் பற்றி!

விசாரணை நடந்தது. அத்துமீறி நுழைந்ததால் நேர்ந்த மரணம் என்று தீர்ப்பு வந்தது. பாதையைக் கடப்போருக்கு அபராதம் என்று எழுதிய பலகை ஒன்றை மேலிடம் அனுப்பியது. அதை வேலியில் அடிக்கும் வேலை நெட்டின் தலையில் விழுந்தது. தன் சாண்ட்விச்சில் பாதியைக் கொடுத்தவளுக்கு அத்துமீறியவள் என்று பலகை அடித்த கை இதோ இந்த அறையில் இருக்கிறது. அந்தக் கையின் கோபத்தையும் இம்மடலில் சேர்த்துக் கொள்ளுங்கள்.

தாங்கள் சீருடையோடு சங்கத்தின் கூட்டத்துக்குப் போனீர்கள். பூட்டைத் திறக்கச் சங்கம் ஆட்சேபிக்கவில்லை என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள், போதும் என்றீர்கள். பூவேலைத் தொப்பி வைத்த ஒரு சீமாட்டி எழுந்தார்.

"பாலந்தான் இருக்கே. கொஞ்சம் நடந்தா உடம்புக்கு நல்லதுதானே?"

"ரொம்ப நல்லது மேடம். நாளையிலேருந்து நீங்களும் அந்தப் பாலத்தச் சுத்தியே ஸ்டேஷனுக்கு வாங்க. உடம்பு கல்லு மாதிரி ஆயிடும்."

திரு. லாங்ரிஷ் கை உயர்த்தி எல்லோரையும் அமைதியாக்கினார். "இதோ பாருங்க, யாரையும் தாழ்வா நினைக்கிறவங்க இல்ல நாங்க. ஆனா அந்தப் பக்கம் வாசல் வந்துட்டா நம்ம வீடெல்லாம் என்ன விலைக்குப் போகும்? அதையும் யோசிக்கணும் இல்லையா?"

"நீங்க விலையவே யோசிங்க சார். நான் வழிய யோசிச்சுக்கிறேன்" என்று சொல்லிவிட்டுத் தாங்கள் எழுந்து வந்தீர்கள்.

வீரத் திருமகளே! அடுத்த திங்கட்கிழமை விடியலில், பாதை பராமரிப்பவர்களின் கொட்டகையிலிருந்து இரும்பு வெட்டும் கத்தரியை எடுத்தீர்கள். ஒளித்துச் செய்யவில்லை, விளக்கைப் போட்டுவிட்டே செய்தீர்கள். பூட்டை வெட்டி எறிந்து, கதவை விரியத் திறந்து, டிக்கெட்டில் துளை போடும் கருவியோடு வாசலில் நின்றீர்கள். வேலி ஓட்டையை நோக்கி வந்த பெண்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். அவர்களுக்கு நம்பிக்கை வரவில்லை.

"என்ன பாக்கறீங்க? வாங்க, வாங்க. டிக்கெட்ட எடுங்க. வாசல்தான் புதுசு, ஓசிப் பயணம் ஒண்ணும் கிடையாது."

அன்று சிரித்தார்கள் அந்தப் பெண்கள். நெல் போனபின் முதன்முறையாகச் சிரித்தார்கள்.

மதியத்துக்குள் வட்டார இன்ஸ்பெக்டர் திரு. கட்மோர் வந்து இறங்கினார். முகம் வேகவைத்த நண்டைப்போல் சிவந்திருந்தது.

"யார் உத்தரவுல திறந்தீங்க?"

"என் உத்தரவுல."

"உத்தரவு போட உங்களுக்கு என்ன அதிகாரம்?"

"ஒண்ணும் கிடையாது சார். அதிகாரம் இருக்கிறவங்க யாரும் போடல. அதனால நான் போட்டேன்."

வேலையிலிருந்து தற்காலிகமாக நீக்கினார்கள். கதவில் புதுப்பூட்டு தொங்கியது. மறுநாள் விடியலில் அந்தப் பூட்டை நெட் வெட்டினார். அவரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். அதற்கு மறுநாள் வாயிலில் டிக்கெட் சரிபார்க்கும் ஓஸ்வின். அதற்கும் மறுநாள் நான். கட்மோர் மூச்சு வாங்கச் சிக்னல் அறைப் படிகளில் ஏறி வந்தார்.

"நீயுமா சைலஸ்? உன்ன நான் ஒழுங்கானவன்னு நெனச்சேன்."

"ஒழுங்கானவன்தான் சார். அதான் வரிசைப்படி வந்தேன். என்னையும் வீட்டுக்கு அனுப்புங்க. வண்டி வர்ற நேரம், லீவர நீங்களே இழுத்துக்குங்க. எட்டாவது மட்டும் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், பாத்து இழுங்க."

அவர் எட்டாவது லீவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். இறங்கிப் போனார். நிலையத்தையே மூடுவதா, கதவைத் திறந்துவிடுவதா என்று மேலிடம் யோசித்தது. மாலைக்குள் முடிவு வந்தது. ஊழியர் நின்று டிக்கெட் பார்க்கும்வரை, தற்காலிக ஏற்பாடாக, வடக்குக் கதவு திறந்திருக்கலாமாம். எங்களைத் திரும்பவும் வேலைக்குச் சேர்த்தார்கள்.

தங்களை மட்டும் விடவில்லை. தங்களுக்கு என்று வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்த நிலைய அதிகாரி பதவி, நம் பாதையிலுள்ள நிலையங்களின் பெயர்களைக்கூட அறியாத ஒருவருக்குப் போனது. தங்களைக் கடற்கரைச் சதுப்பில், நாரைகளைத் தவிர யாரும் இறங்காத ஒரு நிறுத்தத்துக்கு மாற்றினார்கள். பணி மாற்றம் வந்த அன்றே மேட்டுத்தெருவில் தாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் அம்மாள், "ஒண்ணும் தப்பா எடுத்துக்காதீங்க மிஸ் ஹார்க்நெஸ், அக்கம்பக்கத்துல பேசறாங்க" என்று சொல்லித் தங்கள் பெட்டியை வாசற்படியில் வைத்தார். மழை பெய்துகொண்டிருந்தது. நெல்லின் கணவர் டெக்லன் கைவண்டியோடு வந்து அந்தப் பெட்டியை எடுத்துப் போனார். வடக்கு வாசல் வழியாகத்தான். அன்றிலிருந்து தாங்களும் பிரிக்ஃபீல்ட்காரர்.

இரண்டு குளிர்காலங்களை அந்தச் சதுப்பில் கழித்தீர்கள். இங்கே டிக்கெட் ஜன்னலுக்கு ஒருவர் மாற்றி ஒருவராக வந்து, விடியற்காலை வேலை ஒத்துவரவில்லை என்று ஓடினார்கள். வேறு வழியின்றி மேலிடம் தங்களையே திருப்பி அனுப்பியது. மன்னிப்பு கேட்கவில்லை, வருந்துகிறோம் என்று ஒரு சொல்லும் சொல்லவில்லை. தாங்கள் வந்து, ஜன்னல் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, "அடுத்தவங்க வாங்க" என்று அழைத்தீர்கள். அவ்வளவுதான்.

இப்போது நூற்றாண்டு மலருக்கு வருகிறோம். நெல்லின் பெயர் அதில் எங்கும் இல்லை. தங்கள் பெயரும் இல்லை. கடைசிப் பக்கத்துக்கு முந்திய பக்கத்தில் வடக்கு வாசலின் படம் இருக்கிறது. அதன் முன்னே திரு. லாங்ரிஷ் தொப்பியைக் கையில் பிடித்தபடி நிற்கிறார். படத்தின் கீழே இப்படி அச்சிட்டிருக்கிறார்கள்: "சங்கத்தின் நல்லெண்ணத்தால் அமைந்த வடக்கு நுழைவாயில்."

நல்லெண்ணம்! சங்கத்தாரே, அந்தச் சொல்லை எந்த வாயால் சொன்னீர்கள்? நெல் காரிட்டி செத்த இடத்திலிருந்து பார்த்தால் அந்தப் படம் எடுத்த இடம் தெரியும்!

இவ்வளவோடு நின்றிருந்தாலும் ஒருவேளை எங்கள் சொற்கள் இத்தனை கடுமையாக இருந்திருக்காது. நிற்கவில்லை. தாங்கள் ஓய்வு பெற்றதும் தங்கள் இடத்துக்கு ஆள் போடுவதில்லை என்று மேலிடம் முடிவு செய்தது. ஜன்னலுக்கு ஓஸ்வினை மாற்றிவிட்டால் வாசலில் டிக்கெட் பார்க்க ஊழியர் இல்லை, ஆகவே தற்காலிக ஏற்பாடும் முடிந்ததாம். அதைக் காரணம் காட்டி, வரும் திங்களுக்குள் வாசலைச் செங்கல் வைத்து அடைத்துவிடவேண்டும் என்று சங்கம் விண்ணப்பித்தது. மேலிடம் சரி என்றது. மலரில் தம் நல்லெண்ணத்தைப் படம் போட்டுக் காட்டிய அதே மாதத்தில், அதே பேனாவால்! தங்களிடம் இதைச் சொல்லவேண்டாம் என்று நாங்கள் கூடிப் பேசி முடிவு செய்தோம். கடைசி வாரமாவது தாங்கள் நிம்மதியாக இருக்கட்டும் என்று நினைத்தோம். அதனால் வியாழக்கிழமை தாங்கள் தலைமையகத்துக்கு ஓய்வூதியக் கையெழுத்துப் போடப் போயிருந்தபோது இங்கே நடந்ததைத் தாங்கள் அறியமாட்டீர்கள்.

லாரியில் செங்கல் வந்து இறங்கியது. கட்மோரும் வந்தார். ஒப்பந்தக்காரர் அனுப்பிய கொத்தனார் கரண்டியும் நூலுமாக வந்து நின்றார். டெரிக் போல்ட் என்று பெயர், முப்பது வயதிருக்கும்.

"எந்த வாசல அடைக்கணும்?"

"இதோ, இதத்தான்" என்றார் கட்மோர்.

டெரிக் வாசலைப் பார்த்தார். வாசலுக்கு அப்பால் தெரிந்த வீடுகளைப் பார்த்தார். "இதையா?"

"ஏன், என்ன?"

"எங்கம்மா இது வழியாத்தான் வேலைக்குப் போறாங்க."

"அதெல்லாம் உன் கவலை இல்லப்பா. சொன்ன வேலையச் செய்."

"அப்போ யாரோட கவலை? எங்க தாத்தா காலத்துல அறுத்த செங்கல்லதான் சார் மேட்டுல அத்தன பேரும் குடியிருக்காங்க. அவங்களுக்காக எங்கம்மா முகத்துக்கு நேரா நான் சுவர் கட்டணுமா? இந்தாங்க கரண்டி. நீங்களே கட்டிக்குங்க. தண்ணி கொஞ்சமா ஊத்துங்க, இல்லன்னா நிக்காது."

கரண்டியைக் கட்மோரின் கையில் திணித்துவிட்டு, தான் அடைக்கவேண்டிய அதே வாசல் வழியாக வீட்டுக்கு நடந்து போனார். கட்மோர் கரண்டியைப் பிடித்தபடி நின்ற நிலையைத் தாங்கள் பார்த்திருக்க வேண்டும்! வெள்ளியன்று இரண்டு ஒப்பந்தக்காரர்களைக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். பிரிக்ஃபீல்ட் என்ற பெயரைக் கேட்டதும் இருவருக்கும் வேறு வேலை இருந்தது. மாலையில் மேலிடத்திலிருந்து தொலைபேசி வந்தது. வேலை ஒத்திவைக்கப்பட்டதாம். மறுபடியும் தற்காலிகம்!

தற்காலிகம் என்ற சொல்லை நாங்கள் இனிமேல் கேட்பதாக இல்லை. நேற்று மாலை, வேலை முடிந்தபின், நெட்டும் ஓஸ்வினும் டெரிக்கும் நானும் சேர்ந்து வடக்குக் கதவின் கீல்களை அறுத்துக் கதவை முழுதாகக் கழற்றிவிட்டோம். பூட்டுவதற்கு இனிக் கதவு இல்லை. இறக்கிவைத்த செங்கல்லைப் பிரிக்ஃபீல்ட் ஆண்களும் பெண்களும் சுமந்துபோய், வாசலிலிருந்து தம் தெருவரைக்கும் சேற்றின்மேல் பரப்பி நடைபாதை போட்டுவிட்டார்கள். இன்று காலை அதன்மேல் நடந்து வந்த தாங்கள் செங்கல் ஏது என்று கேட்டபோது, மடலில் வரும் என்றோம். டிக்கெட் பார்க்க ஆள் இல்லை என்று இனி யாரும் சொல்லவேண்டாம். சிக்னல் அறையில் வேலை இல்லாத நேரத்தில் நான் நிற்பேன், நெட் நிற்பார், முறை போட்டு நிற்போம்.

ஓய்வு பெறுபவருக்குக் கடிகாரம் தருவது வழக்கம். திரு. லாங்ரிஷ் சங்கத்தின் சார்பில் ஒரு வெள்ளிக் கடிகாரத்தோடு வந்திருக்கிறார் என்று அறிகிறோம். வாங்குவதும் மறுப்பதும் தங்கள் விருப்பம். எங்கள் பரிசு தங்கள் நாற்காலிக்குப் பின்னால், சாக்குத்துணி போர்த்திச் சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது. ரயில்வேக்குச் சொந்தமான இரும்புக் கதவு ஒன்றைக் காணவில்லை என்று புகார் கொடுக்க நினைப்பவர்கள் முன்வரிசையிலிருந்து எழுந்து அந்தத் துணியை விலக்கினால் போதும். எங்கள் பெயர்களைத் தேடவும் அலையவேண்டியதில்லை; கீழே கையெழுத்திட்டிருக்கிறோம்.

எங்கள் அன்புக்குரிய அம்மையீர்! ஓய்வு பெறுவோரை அமைதியோடு வாழ்க என்று வாழ்த்துவார்கள். தங்களை அப்படி வாழ்த்த எங்களுக்கு மனம் வரவில்லை. கால் வலியின்றி வாழ்க! கண் ஒளி மங்காமல் வாழ்க! காலையில் நேரங்கழித்து எழுந்து, சுடச்சுடத் தேநீர் குடித்து, டெக்லனோடு சீட்டாடித் தோற்று, நீண்டகாலம் நலமாக வாழ்க! ஆனால் அந்தக் கோபம் மட்டும் ஒருநாளும் தணியாமல் வாழ்க! நெல் காரிட்டி யார் என்று இந்த ஊரில் யாரேனும் கேட்டால், சமையல் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்து, உரக்க, மரியாதையில்லாமல், முழுவதையும் சொல்லுங்கள்.

இங்ஙனம்,
தங்களோடு பூட்டை வெட்டியதற்காகப் பெருமைப்படும் லார்க்மியர் நிலைய ஊழியர்கள்,

சைலஸ் பிம், சிக்னல் அறை
நெட் வாக்ஸ்டாஃப், போர்ட்டர்
ஓஸ்வின் ஹேல், டிக்கெட் வாயில்
மற்றும் பார்சல் அறையினர் அனைவரும்

ஊழியர் அல்லாதவராயினும் கையெழுத்திடும் உரிமையைக் கேட்டு வாங்கியவர்: டெரிக் போல்ட், கொத்தனார், பிரிக்ஃபீல்ட்